வயசானவங்க மனநலப் பிரிவுல ஓடி (OT, ஆக்குபேஷனல் தெராப்பி) வேலைக்கு வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கு

"நீங்க உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்." கோலாலம்பூர்ல எந்த தமிழ் வீட்டுக்கு ஹோம் விசிட் போனாலும் அரை மணி நேரத்துக்குள்ள இந்த வார்த்தை காதுல விழுந்துடும். பாசத்துல சொல்றதுதான், ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஆனா மறதி ஆரம்பிச்ச ஒரு அம்மாகிட்ட இருந்து மொதல்ல கரண்டிய வாங்குறாங்க, அப்பறம் கத்திய, அப்பறம் பணப்பைய, அப்பறம் வீட்டு சாவிய, கடைசியா குளிக்கிற சொம்பையும் வாங்கிக்கிறாங்க, ஒரு வருசம் கழிச்சி "அம்மாவால ஒன்னுமே முடியல மிஸ்"னு நம்மகிட்ட கொண்டாந்து உக்கார வைக்கிறாங்க. அதுல நோய் எடுத்துக்கிட்டது எவ்வளவு, நாம வாங்கி வச்சிக்கிட்டது எவ்வளவுன்னு பிரிச்சி பாக்குறதுதான் இந்த பிரிவுல ஒரு ஓடியோட மொத வேல. நான் இங்க இத்தனை வருசமா செஞ்சிட்டு வர்றது பெரும்பாலும் அதுதான், அத எப்படி செய்றதுன்னுதான் எழுதுறேன்.

பேப்பர் விசயத்த மொதல்ல முடிச்சிடுறேன். டிப்ளோமாவோ டிகிரியோ அங்கீகாரம் உள்ள எடத்துல படிச்சிருக்கணும், டிகிரின்னா யுகேஎம் பல்கலைக்கழகத்தோட கோலாலம்பூர் கேம்பஸ்லயும் யுஐடிஎம் பல்கலைக்கழகத்தோட புஞ்சாக் ஆலாம் கேம்பஸ்லயும் இருக்கு. மலேசியாவுல 2016-ல வந்த துணை சுகாதாரத் தொழில் சட்டம், மலாய்ல அக்தா 774-னு சொல்வாங்களே, அதுல நம்ம தொழிலும் இருக்கு, பதிவு பண்ணாம இந்த பேர போட்டுக்கிட்டு வேல செய்ய முடியாது. படிக்கும்போது வயசானவங்க மனநல போஸ்டிங் கெடச்சா "அங்க என்ன இருக்கு, பாட்டிங்களோட உக்காந்து கலர் அடிக்கிறதா"ன்னு ஒதுக்கிடாதீங்க. 2018-ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல 60 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 8.5 விழுக்காடு பேருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், இருக்கலாம்னும் 11.2 விழுக்காடு பேருக்கு மனச்சோர்வு அறிகுறி இருக்குன்னும் வந்துச்சி. நம்ம தெருவுல, நம்ம கோயில் வரிசையில நிக்கிறவங்கதான் அவங்க.

மலாய்ல நம்ம வேலைக்கு தெராப்பி சாரா கெர்ஜான்னு பேரு. கெர்ஜான்னதும் "எங்க பாட்டிக்கு எதுக்கு மிஸ் இந்த வயசுல வேல"ன்னு குடும்பத்துல கேப்பாங்க, இல்லன்னா பிசியோன்னு நெனச்சிக்கிட்டு "காலுக்கு எக்சர்சைஸ் குடுங்க"ம்பாங்க. நீளமா வெளக்கம் குடுக்க வேணாம். "பாட்டி காலைல எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் செய்ற காரியத்த முடிஞ்சளவு அவங்களே செய்ய வைக்கிறது என் வேல" - இது போதும், எல்லாருக்கும் புரியுது.

மொத நாள்

மொத தடவ பாக்கும்போது பேனா பேப்பர எடுக்காதீங்க. பக்கத்துல, அவங்க கண்ணு மட்டத்துக்கு உக்காந்து "பசியாறிட்டீங்களாம்மா?"னு கேளுங்க. இது வெறும் மரியாதை இல்ல, பதில்ல நெறைய இருக்கு. என்ன சாப்ட்டேன்னு ஞாபகம் இருக்கா, இல்ல நேத்து சாப்ட்டத சொல்றாங்களா, இல்ல "ம்"னு மட்டும் சொல்லிட்டு மகள் மொகத்த பாக்குறாங்களா, இல்ல "எனக்கு யாரு குடுக்குறா"ன்னு கண்ணு கலங்குறாங்களா. அதுக்கும் முன்னாடி கண்ணாடி போட்டிருக்காங்களா, காது கேக்குதான்னு பாருங்க. காதுல அழுக்கு அடைச்சிருந்த ஒரு தாத்தாவ முத்திப்போன மறதின்னு எழுதி அனுப்பினத நான் பாத்திருக்கேன், காத சுத்தம் பண்ணி எடுத்ததுக்கு அப்பறம் பாதி கேள்விக்கு டக்குன்னு பதில் சொன்னாரு.

அம்மா, ஐயா, பாட்டி, தாத்தா, எது அவங்களுக்கு பிடிக்குதோ அப்படி கூப்புடுங்க, ஆனா கொழந்தைக்கிட்ட பேசுற மாதிரி "சமத்து பாட்டி, ஆ காட்டுங்க"னு மட்டும் வேணாம். மூனு புள்ளைய வளத்து, ஒரு தோட்டத்துல முப்பது வருசம் வேல செஞ்சவங்கள நாம சமத்துன்னு சொல்றது அவங்களுக்கு வலிக்கும், சொல்லத் தெரியாம மொகத்த திருப்பிக்குவாங்க, அத நாம "ஒத்துழைக்கல"ன்னு ஃபைல்ல எழுதிடுவோம்.

ஞாபகத்தையும் யோசனையையும் பாக்குற டெஸ்ட்டு பத்தி ஒரு விசயம். எம்எம்எஸ்இ, மோக்கா ரெண்டுமே 30 மார்க்கு, ரெண்டுலயும் பென்சில் பிடிக்கிற வேல இருக்கு, படம் பாத்து வரையணும், எம்எம்எஸ்இ-ல ஒரு வாக்கியம் வேற எழுதணும். பள்ளிக்கூடமே போகாத ஒரு தோட்டத்து பாட்டிக்கு அந்த மார்க்கு நோயினால போகல, பென்சில் கையில குடுக்காததால போகுது. கம்மியா படிச்சவங்களுக்குன்னே மோக்கா பேசிக்னு ஒன்னு இருக்கு, டாக்டர்கிட்ட, சைக்காலஜிஸ்ட்கிட்ட கேட்டு அது மாதிரி பொருத்தமானத எடுங்க. எம்எம்எஸ்இ-ல இப்ப என்ன பருவம்னு கேக்குற கேள்வி வேற இருக்கு, வருசம் பூரா வெயிலும் மழையுமா இருக்குற ஊர்ல அதுக்கு என்ன பதில் சொல்லுவாங்க. ஒரு பாட்டிக்கு தேதி தெரியல, மாசம் தெரியல, வருசம் தெரியல, வரிசையா சைபர். பையில இருந்து வெத்தலய எடுத்துக்கிட்டே "இன்னிக்கி புரட்டாசி மூனாஞ்சனி, சாயங்காலம் கோயிலுக்கு போவணும், சீக்கிரம் விடும்மா"ன்னாங்க. சரியா மூனாஞ்சனிதான். மார்க்கு என்ன வந்துச்சோ அத அப்படியே எழுதுங்க, அதுக்கு கீழயே இதையும் எழுதுங்க, ரெண்டும் சேந்ததுதான் அந்த பாட்டி.

தேத்தண்ணி கலக்க சொல்லி பாருங்க

உக்கார வச்சி கேக்குற கேள்விய விட எனக்கு நம்பிக்கை அடுப்படியிலதான். வார்டுல ஓடி கிச்சன் இருந்தா அங்க, இல்லன்னா அவங்க வீட்டுலயே, "எனக்கு ஒரு தேத்தண்ணி கலக்கித் தர்றீங்களாம்மா"ன்னு கேளுங்க. கேட்டுட்டு கைய கட்டிக்கிட்டு நில்லுங்க, இந்த நிக்கிறதுதான் கஷ்டம், நம்ம கை தானா போயி சீனி டப்பாவ எடுத்துக் குடுக்கும். போகாதீங்க. எந்த எடத்துல அறுந்து போகுதுன்னு பாக்கணும். ஆரம்பிக்கவே முடியலயா, எழுந்து வந்துட்டாங்க ஆனா எதுக்கு வந்தோம்னு நிக்கிறாங்களா. வரிசை கொழம்புதா, தண்ணி கொதிக்கும் முன்னாடியே பால ஊத்துறாங்களா. சாமான் கண்ணுக்கு முன்னாடி இருந்தும் தேடுறாங்களா. அடுப்ப அணைக்க மறக்குறாங்களா. இல்ல சீனிய போட்டுட்டோம்னு தெரியாம திரும்ப திரும்ப போடுறாங்களா. இது ஒவ்வொன்னுக்கும் தீர்வு வேற வேற. ஆரம்பிக்க முடியாதவங்களுக்கு கெட்டில கையில குடுத்தா மிச்சம் தானா ஓடும். தேடுறவங்களுக்கு மேசைய காலி பண்ணி மூனு சாமான மட்டும் வரிசையா வைங்க. அணைக்க மறக்குறவங்களுக்கு கேஸ் அடுப்ப விட்டுட்டு தானா நின்னுடுற எலக்ட்ரிக் கெட்டில். "அம்மாவால தேத்தண்ணி கலக்க முடியல"ங்கிற ஒரே வரியில இவ்வளவு விசயம் ஒளிஞ்சிருக்கு.

ஒதவி பண்ணும்போதும் ஒரு வரிசை இருக்கு. மொதல்ல சும்மா காத்திருங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, வயசான மூளைக்கு அந்த நேரம் வேணும். அப்பறம் கண்ணால, வெரலால காட்டுங்க. அப்பறம் ஒரே ஒரு வார்த்தை, "சீனி". அப்பறம் நீங்க செஞ்சி காட்டுங்க. கடைசியாத்தான் கை புடிச்சி செய்ய வைக்கிறது, அப்பவும் உங்க கை அவங்க கைக்கு கீழ இருக்கட்டும், மேல வச்சி அமுக்குனா பயந்துடுவாங்க. எந்த படியில செஞ்சாங்கன்னு குறிச்சி வைங்க, அடுத்த மாசம் ஒரு படி மேல போயிருக்காங்களா கீழ எறங்கியிருக்காங்களான்னு அதுலதான் தெரியும். பிரிட்டன்ல ஜாக்கி பூல்ங்கிற ஓடி செஞ்ச பிஏஎல் (PAL) கருவியும் இந்த மாதிரிதான், திட்டம் போட்டு செய்றவங்க, தொட்டு ஆராயுறவங்க, புலன் வழியா ரசிக்கிறவங்க, தூண்டுனா அசையுறவங்கன்னு நாலு நெலையா பிரிக்கும், குடும்பத்துக்கு சொல்லிக்குடுக்க எனக்கு ரொம்ப ஒதவியா இருந்துச்சி.

நாலு மணிக்கு எழுந்த பாட்டி

இத கொஞ்சம் விரிவா சொல்லணும். ஆளு யாருன்னு தெரியாத மாதிரி சிலத மாத்தியிருக்கேன். செந்தூல் பக்கம் ஒரு பிளாட்டு, மேல்மாடி. பாட்டிக்கு எழுவத்தொம்பது, அல்சைமர். தெனமும் விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து தலையில துணிய கட்டிக்கிட்டு கிரில் கதவ புடிச்சி ஆட்டுறாங்க, "வாளி எங்க, நேரமாச்சி, தொறங்கடி"ன்னு சத்தம். பக்கத்து வீட்டுல கம்ப்ளெயின்ட். மகள் பகல்ல வேலைக்கி போறவங்க, தூக்கமே இல்ல. ஏற்கனவே ஒரு எடத்துல தூக்க மருந்த ஏத்தி விட்டிருக்காங்க, அந்த மயக்கத்துல பாத்ரூம்ல விழுந்து இடுப்புல அடி. அதுக்கப்பறம்தான் நம்மகிட்ட வந்தாங்க.

ரெஃபரல்ல ஒரே வரி: இரவில் கிளர்ச்சி. நான் மகள்கிட்ட கேட்டது ஒன்னே ஒன்னுதான், அந்த நேரத்துல முன்ன காலத்துல அம்மா என்ன செஞ்சிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு அவங்களே வாயில கைய வச்சிக்கிட்டாங்க. பெரட்டு, விடியக்காலை வேலையாளுங்கள நிக்க வச்சி பேரு எடுக்குறது. தோட்டத்துல பால் வெட்டுனவங்க, கித்தா (ரப்பர்) மரத்துல விடியக்காலை குளிர்லதான் பால் நல்லா ஓடும், வெயில் ஏற ஏற நின்னுடும், அதனால நாலு மணிக்கே எழுந்து சோறாக்கி வச்சிட்டு புள்ளைங்கள ஆயாக்கொட்டகையில விட்டுட்டு இருட்டோட பெரட்டுக்கு போயி நிக்கணும், லேட்டா போனா அன்னிக்கி பேரு இல்ல. இத்தனை வருசம் அந்த ஒடம்பு அப்படி எழுந்திருக்கு. பாட்டிக்கு கிளர்ச்சி இல்ல, அவங்க வேலைக்கி லேட்டாயிட்டு இருந்தாங்க.

அதனால திரும்ப படுக்க வைக்கிற திட்டத்தையே விட்டுட்டோம். நாலு மணிக்கு எழுந்தா வெளக்க போடுங்க, மொகம் கழுவட்டும், ஒரு வரக்கோப்பி ரெண்டு பிஸ்கட் குடுங்க. அந்த வீட்டுல பேரன் லாரி ஓட்டுறவரு, அஞ்சு மணிக்கு கெளம்புவாரு. அவரு போத்தல்ல கோப்பி ஊத்தி, சாப்பாட்டு டப்பாவ பையில வச்சி, வாசல் வரைக்கும் கொண்டு போயி குடுக்குறது இனிமே பாட்டியோட வேல. சூடு ஆறின கோப்பிதான் முன்னாடி வைக்கணும், டப்பாவுல மூடி ஏற்கனவே போட்டிருக்கணும், அவ்வளவுதான் நம்ம ஏற்பாடு. பேரன் "ஆயா, போய்ட்டு வரேன்"னு சொல்லிட்டுப் போகணும், அது கட்டாயம். அப்பறம் கழுவி வச்ச பிளாஸ்டிக் மங்குங்கள தொடைச்சி அடுக்குறது, அது முடியும்போது வெளிச்சம் வந்துடும். பகல்ல நாலு மணி நேரம் நாற்காலியில தூங்கிட்டு இருந்தவங்கள பத்து மணிக்கி காரிடார்ல வெயில் படுற பக்கமா ரெண்டு நடை, மத்தியானம் அரை மணி மட்டும் தூக்கம், ராத்திரி ஒன்பதுக்கு மேல படுக்கைன்னு மாத்துனோம். பாத்ரூம்ல கைப்புடியும் வழுக்காத பாயும் போட்டாச்சி. டாக்டர் மருந்த படிப்படியா கொறைச்சாரு, அது அவரு முடிவு, ஆனா நாம எழுதி குடுத்த பதினாலு நாள் தூக்க கணக்க பாத்துட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தாரு. முழுசா நிக்கல, இன்னமும் சில நாள் கதவுகிட்ட போவாங்க, ஆனா மகள் தூங்குறாங்க.

வாழ்க்கை வரலாறு கேக்கும்போது பேரு, ஊரு, எத்தனை புள்ளைங்கன்னு நிறுத்திடாதீங்க. எத்தனை மணிக்கி எழுவாங்க, மொத வேல என்ன, கையில எந்த சாமான் இருக்கும், யாருக்காக செஞ்சாங்க, இத கேளுங்க. உளி புடிச்ச கையா, அம்மியில அரைச்ச கையா, டைப்ரைட்டர் தட்டுன கையா.

திடீர்னு மாறுனா

நேத்து வரைக்கும் நல்லா இருந்தவங்க ரெண்டு நாள்ல ஆள் மாறி, கொஞ்ச நேரம் தெளிவு கொஞ்ச நேரம் கொழப்பம், இல்லாத ஆளுகிட்ட பேச்சு, இல்ல ஒரேடியா மந்தமா சாஞ்சி கெடக்குறாங்கன்னா அது டெலிரியமா இருக்கலாம். மூத்திரத்துல கிருமி, தண்ணி பத்தாம போறது, மலச்சிக்கல், புதுசா ஆரம்பிச்ச மருந்து, எதுவா வேணும்னாலும் இருக்கும். அன்னிக்கி உங்க செஷன் வேணாம், ஒடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. "டிமென்ஷியாதானே, அப்படித்தான் இருக்கும்"னு விட்டுட்டா உயிருக்கே ஆபத்தாகும்.

மனச்சோர்வு

நம்ம பெரியவங்க டிப்ரஷன்னு சொல்ல மாட்டாங்க, மனசு சரியில்லன்னு கூட எல்லாரும் சொல்ல மாட்டாங்க. ஒடம்பு எரியுதும்பாங்க, நெஞ்சு படபடங்குதும்பாங்க, வாய் கசக்குது, கை கால் ஓயுதும்பாங்க. வயசானவங்களோட மனச்சோர்வ பாக்குறதுக்கு ஜிடிஎஸ்னு ஒன்னு இருக்கு, 15 கேள்வி, ஆமா இல்லன்னு பதில், 5-க்கு மேல போனா கவனிக்கணும், ஆனா கேள்விய வாசிக்கும்போது புத்தகத் தமிழ்ல வாசிக்காதீங்க, புரியாம எல்லாத்துக்கும் ஆமான்னுடுவாங்க.

"சாமி இன்னும் என்ன கூப்புட மாட்டேங்குது"ன்னு சொல்றது வயசானவங்க பேச்சுல சகஜம்தான்னு நெனச்சி கடந்து போகாதீங்க. நேரா கேளுங்க, "சாகணும்னு தோணுதாம்மா? ஏதாவது செஞ்சிக்கணும்னு யோசிச்சீங்களா?" கேட்டா எண்ணம் வந்துடும்ங்கிறது தப்பு, கேட்டதும் பல பேரு பெருமூச்சு விட்டு பேச ஆரம்பிப்பாங்க. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, அன்னிக்கே டீம்ல சொல்லணும், நாளைக்கி இல்ல. தற்கொலை முயற்சிய குற்றமா வச்சிருந்த தண்டனைச் சட்டம் 309-வது பிரிவ 2023-ல நீக்கியாச்சி, போலீஸ் வந்துடும்னு பயந்து மறைக்கிற குடும்பத்துகிட்ட இத தெளிவா சொல்லுங்க. சுகாதார அமைச்சோட ஹீல் லைன்ங்கிற மனநல ஒதவி சேவையோட 15555 நம்பரயும் எழுதிக் குடுங்க.

இங்க ஓடியோட வேல என்னன்னா, "மனசு வந்தா செய்றேன்"ங்கிறத திருப்பிப் போடுறது. செஞ்சாத்தான் மனசு வரும், அதுவும் ரொம்ப சின்னதுல இருந்து. ரயில்வே வொர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்து ஓய்வான ஒரு ஐயா, மனைவி போனதுல இருந்து ரூம விட்டு வரல, சவரம் இல்ல, சாப்பாடு இல்ல. வார்டுல நான் அவருக்கு மொதல்ல குடுத்தது பூ படம் போட்ட கலரிங் பேப்பர், எல்லாருக்கும் குடுத்த மாதிரி. அத ஓரமா தள்ளி வச்சிட்டு செவுத்த பாத்து திரும்பிக்கிட்டாரு. அந்த முதுக இன்னிக்கி வரைக்கும் மறக்கல. அப்பறம் பொறுமையா கேட்டப்பதான் தெரிஞ்சிது, வாழ்நாள் பூரா காலைல தமிழ் நேசன் வாங்கி வாசிச்சவரு, 2019-ல பேப்பர் நின்னதும் கீழ எறங்கி கடைக்கி போற பழக்கமே நின்னுடுச்சி, அதுக்கு மேல அந்த அம்மாவும் போயிட்டாங்க. ஆரம்பிச்சது காலைல சவரம் மட்டும், ஒரு வாரம். அடுத்த வாரம் சட்டை மாத்தி லிஃப்ட் வரைக்கும். அதுக்கடுத்து கடை வரைக்கும், வேற ஒரு தமிழ் பேப்பரு. வாசிச்சிட்டு ஒரு செய்திய எனக்கு போன்ல சொல்லணும்னு ஏற்பாடு. கோப்பி போட சொல்லிக்குடுத்தேன், அதுவரைக்கும் அவரு அடுப்ப பத்த வச்சதே இல்ல. டாக்டர் குடுத்த மருந்தும் கூடவே ஓடுச்சி, ரெண்டும் வேணும்.

குரூப்பும் குடும்பமும்

குரூப் நடத்துறதுக்கு சிஎஸ்டின்னு, அதாவது யோசனைய தூண்டுற சிகிச்சைன்னு, ஒரு முறை இருக்கு, இங்கிலாந்துல ஏமி ஸ்பெக்டர் குழு 2003-ல ஆய்வு வெளியிட்டாங்க, வாரம் ரெண்டு தடவ, ஏழு வாரம், 14 செஷன், ஒவ்வொன்னும் முக்கா மணி நேரம். டிமென்ஷியா ஆரம்ப, நடு கட்டத்துல இருக்குறவங்களுக்கு. அதுல எனக்கு பிடிச்ச விதி, ஞாபகத்த கேக்காத, அபிப்ராயத்த கேளு. "இது யாருன்னு ஞாபகம் இருக்கா"ன்னு போட்டோவ நீட்டுனா மொகம் வாடிடும். வெந்தயத்த கையில குடுத்து மோந்து பாக்க சொல்லி "சாம்பாருக்கு இத போடணுமா வேணாமா"ன்னு கேட்டுப் பாருங்க, பேசாத பாட்டி கூட "போடாம எப்படிடி"ன்னு எழுந்து உக்காருவாங்க. அஞ்சாறு பேரு போதும்.

வீட்டுல குடும்பத்த நம்ம பக்கம் கொண்டாறது இதவிட பெரிய வேல. "வயசான காலத்துல அம்மாகிட்ட வேல வாங்குறான்னு நாலு பேரு சொல்லுவாங்க மிஸ்"னு மருமக பயப்படுவாங்க, அது நெஜமான பயம், சிரிச்சி ஒதுக்காதீங்க. வாதாட வேணாம். அவங்கள பக்கத்துல நிக்க வச்சிட்டு அத்தைகிட்ட ஒரு கட்டு கீரைய குடுங்க. ஆஞ்சி முடிக்கிற வரைக்கும் யாரும் பேசக்கூடாதுன்னு சொல்லுங்க. அந்த கை வேகத்த பாத்துட்டு மருமகளே "அத்தைக்கி இது மறக்கலியே"ம்பாங்க, அதுக்கப்பறம் நீங்க சொல்றது காதுல ஏறும். நெதர்லாந்துல மோட் கிராஃப் குழு 2006-ல வெளியிட்ட ஆய்வுல 135 பேரு, வீட்டுலயே அஞ்சு வாரத்துல 10 செஷன், நோயாளிக்கும் பாத்துக்கிறவங்களுக்கும் சேத்து குடுத்தாங்க, ரெண்டு பேருக்குமே நல்லது நடந்துச்சி. பாத்துக்கிறவங்க வீட்டு வேலைக்கு வந்த இந்தோனேசிய அக்காவா இருந்தா அவங்களையும் உக்கார வச்சி மலாய்ல சொல்லிக்குடுங்க, நாள் பூரா கூட இருக்குறது அவங்கதான். பகல்ல கொஞ்ச நேரம் வெளிய போக முடிஞ்சவங்களுக்கு சமூகநலத் துறையோட (ஜேகேஎம்) பாவே, வயசானவங்க நடவடிக்கை மையம், பக்கத்துல எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க.

வீட்ட சுத்திப் பாக்கும்போது ஈரமான பாத்ரூம், மடங்குற கால்மிதி, மருந்து டப்பா எல்லாரும் பாப்பாங்க. நீங்க சாமி ரூமையும் பாருங்க. வெளக்கு ஏத்துறத நிறுத்த சொன்னா அவங்க நாளே அறுந்து போயிடும், திரைச்சீலைய தள்ளிக் கட்டி, வெளக்க அகலமான தட்டுல வச்சி, ஏத்தும்போது ஒரு ஆளு கூட நிக்கட்டும். அதுவும் ஆபத்தாகுற கட்டம் வந்தா பேட்டரி வெளக்கு, பூவ போடுறது மட்டும் அவங்க கையால.

கடைசியா, குடும்பத்துக்கு எழுதிக் குடுக்குறது ஒரே ஒரு தாள், அஞ்சு வரிக்கு மேல வேணாம், ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுற மாதிரி, அவங்க வாசிக்கிற மொழியில. "காலைல கெட்டில கையில குடுங்க. பத்து எண்ணுங்க. சீனி டப்பாவ மட்டும் வெளிய வைங்க." இந்த மாதிரி. ரெண்டு வாரம் கழிச்சி திரும்பப் போகும்போது தாள் இன்னும் ஒட்டியிருக்கா, நீங்க நகத்தி வச்ச நாற்காலி அதே எடத்துல இருக்கான்னு பாருங்க. பழைய எடத்துக்கே போயிருந்தா கோவிச்சிக்காதீங்க, ஏன் நகத்துனாங்கன்னு கேளுங்க, அவங்க சொல்ற காரணத்த எழுதிக்கிட்டு, வேற எடத்துல வச்சிப் பாருங்க.